ஒரு கடிதம் கூடுதல்

நலப் பதிவகத்தின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் அவள் ‘முற்றுப்புள்ளி’. நேரில் ‘முற்றுப்புள்ளி மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மேடம் உதிர்ந்துவிடும். முப்பத்தோரு ஆண்டுகளாக அவள் பராமரித்துவந்த நிரல் கோபோல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியில் ஒரு கட்டளை முடியும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். வைக்க மறந்தால் அடுத்த கட்டளையும் முந்தையதோடு ஒட்டிக்கொண்டு அதன் நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மற்றவர்கள் மூன்று நாள் தேடியும் அகப்படாத ஒரு புள்ளியை அவள் அச்சுத்தாளின் மேல் விரலை ஓட்டியே கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அந்த நிரலின் வேலை கடிதம் அனுப்புவது. வட்டாரத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவகம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசிக்கு வர வேண்டும், பள்ளி வயதில் கண்ணும் பல்லும் எப்போது பார்க்கப்பட வேண்டும், வளர்ந்த பிறகு எந்தப் பரிசோதனை எந்த வயதில் என்று கணக்கிட்டு, மாதந்தோறும் அழைப்புக் கடிதங்களை அச்சிட்டுத் தரும். கீழ்த்தளத்து உறைப் பிரிவில் அவற்றை மடித்து, உறையிலிட்டு, ஒட்டி அனுப்புவார்கள்.

நிரலில் யார் கைவைத்தாலும் அதன் தலைப்பகுதியில் மூன்று விவரங்களைப் பதிய வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம்: நாள், பெயரின் முதலெழுத்து, காரணம். இதில் மூன்றாவதைத்தான் அவள் பிடித்துக்கொண்டு தொங்குவாள். காரணம் எழுதாமல் வந்த மாற்றத்தைப் படித்தும் பார்க்காமல் திருப்பி அனுப்புவாள்.

“என்ன பண்ணினேன்னு ப்ரோகிராமே சொல்லிடும்பா. ஏன் பண்ணினேன்னு நீதான் சொல்லணும்” என்பாள்.

நிரலின் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மட்டும் அந்தப் பட்டியலில் நாள் இருந்தது, முதலெழுத்து இருந்தது, காரணம் இல்லை. அந்த முதலெழுத்து அவளுடையது.

சென்ற ஆண்டுக் கடைசியில், எல்லாவற்றையும் பைத்தான் மொழியில் புதிதாக எழுதுவதற்கென்று ஐந்து பேர் கொண்ட குழு வந்து இறங்கியது. தலைமை தாங்கியவள் ஓர் இளம்பெண். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாகக் கேட்பாள். வந்த முதல் வாரமே தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. தொடங்கி வைத்தவர் உறைப் பிரிவுக்காரர்.

“என்ன முற்றுப்புள்ளி மேடம், உங்க கோபாலுக்குப் பிரிவுபசார விழா எப்போ?”

“கோபால் இல்லண்ணே, கோபோல். முப்பது வருஷமா சொல்றேன்.”

“முப்பது வருஷமா எனக்கு அவர் கோபால்தான். ஒரு நாள் லீவு போட்டிருப்பாரா மனுஷன்? பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் ஜாவான்னு ஒரு கூட்டம் வந்துச்சு. ஒரு வருஷம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்க. கோபால் இங்கயேதான் இருக்காரு.”

குழுவில் தாடிக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. “இந்தத் தடவ அப்படி இல்லண்ணே. கோபோல் தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துலயே ஒரே ஒருத்தங்கதான். அவங்களும் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆறாங்க. ப்ரோகிராம் ஓடுது, சரி. நின்னுட்டா யாரு எழுப்புவாங்க?”

“ஏன், நீ எழுப்ப மாட்டியா? தாடி மட்டும் இவ்வளவு வளத்திருக்க?”

“எனக்கு அது எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்குண்ணே.”

சிரிப்பு அடங்கியதும் குழுத்தலைவி அவள் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க மேடம். புதுசு வந்து பழச மொத்தமா தூக்கிடுமா?”

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். “எவ்வளவோ இடத்துல பழசு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஓடற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. தொடறதுக்கு ஒரு காரணம் வந்துட்டா தூக்கிடுவாங்க. இங்க காரணம் வந்துடுச்சு. என்னோட வயசுதான்.”

அவள் வருத்தப்படுகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த மொழி போவதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஏதும் இல்லை. பைத்தானை அவள் ஆறு மாதமாகத் தானே படித்துவந்தாள். தன் நாற்பது வரி நான்கு வரியில் அடங்குவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தும் இருக்கிறாள். ஜாவாக் குழு பாதியில் கைவிட்டுப் போனபோதுகூட அலுவலகத்தில் அவள்தான் அதிகம் வருந்திப் பேசினாள். ஆனால் அன்று மாலை படியிறங்கும்போது, தன் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதைக் கவனித்து வெட்கப்பட்டாள். நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டாம் வரிவரை அந்தக் குழு வந்து சேரவே இல்லை.

இந்தக் குழு வந்து சேர்ந்தது.

சன்னல் இல்லாத சிறிய கூட்ட அறை; சுவரில் பெரிய திரை; திரையின் ஒரு பாதியில் பழைய நிரல், மறுபாதியில் நான்கு கட்டம் போட்ட பட்டியல்: வரி, என்ன செய்கிறது, ஏன், முடிவு. அவள் ஒவ்வொரு பத்தியாகச் சொல்லிக்கொண்டு போக, தாடிக்காரன் தட்டச்சு செய்தான். ‘முடிவு’ கட்டத்தில் ‘வேண்டும்’ அல்லது ‘விடலாம்’ என்று விழும். ‘ஏன்’ கட்டத்தைக் காலியாக விட்டால் பட்டியல் சிவப்பாகிவிடும். புதிய நிரலிலும் காரணம் இல்லாமல் எந்த விதிவிலக்கும் ஏறாதபடி பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டும் அவள் வற்புறுத்தி வைக்கச் சொன்னவை.

ஒன்பதாம் நாள் காலை, பதிவு மூடும் பத்திக்கு வந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டால் உறவினர் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுப்பார், பதிவு மூடப்படும், கடிதம் நின்றுவிடும்.

“இங்க நாங்க புதுசா ஒண்ணு சேக்கறோம் மேடம்,” என்றாள் குழுத்தலைவி. “பழசு சும்மா நிறுத்திடுது. பாவம், குடும்பத்துக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்றதில்ல. புதுசுல, ரெக்கார்ட மூடின ஏழாம் நாள் ஒரு இரங்கல் கடிதம் போகும். வாசகம் இது. பாருங்க.”

அவள் பார்த்தாள். கண் வாசகத்தின் மேல் இருந்ததே தவிர, மனம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த பக்கத்தின் மூன்றாவது வரி எது என்று அவளுக்குத் தெரியும்.

“நல்லா இருக்கு. போடுங்க” என்று கையெழுத்திட்டாள்.

பக்கம் மாறியது.

“நாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு,” என்று படித்தான் தாடிக்காரன். “எண் நாப்பதாயிரத்து நானூத்திப் பதினேழா இருந்தா, அச்சடிக்காம அடுத்ததுக்குப் போ. இது என்ன மேடம்? ஒரே ஒரு ஆளுக்காக ஒரு வரியா?” அவன் சிரித்தான். “யாரு இந்த வி.ஐ.பி.?”

இப்படி ஒற்றை எண்ணை நிரலுக்குள் பதித்து வைப்பது அவள் கண்ணில் பெருங்குற்றம். ஓர் ஆளைப் பற்றிய தகவல் பதிவில் இருக்க வேண்டும், நிரலில் அல்ல என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அந்த மாடியில் இல்லை. அது திரையில், எல்லோர் எதிரிலும், அவளுடைய முதலெழுத்தோடு நின்றது.

“தெரியல,” என்றாள். “ரொம்பப் பழசு.”

குழுத்தலைவி அவளை ஒரு கணம் பார்த்தாள். தாடிக்காரன் ‘ஏன்’ கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்றும் ‘முடிவு’ கட்டத்தில் ‘விடலாம்’ என்றும் அடித்தான். பழைய நிரலையும் புதியதையும் மூன்று வாரம் கழித்துப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி ஒப்பிடப்போகிறார்கள், அப்போது எப்படியும் இது வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மூன்று வாரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாற்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு அவளுடைய மகள்.

வீட்டில் அவளைப் பட்டு என்று கூப்பிட்டார்கள். ஒரு வருடமும் ஐந்து மாதமும் இருந்தாள். கணவரின் அண்ணன் வீட்டுக்கு வேறோர் ஊருக்குப் போயிருந்தபோது காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. சான்றிதழை அந்த ஊரிலேயே வாங்கினார்கள். திரும்பி வந்ததும் கணவர் அதை அவள் கையில் கொடுத்து, “நீ அங்கதானே வேலை பாக்கற. நீயே குடுத்துடும்மா. என்னால அந்த வரிசையில போய் நிக்க முடியாது” என்றார். அவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்; அன்றும் இன்றும் அதே கடை.

அவள் சான்றிதழை எடுத்துப் போனாள். பதிவைத் திறந்தாள். மூடுவதற்கான எழுத்தை அடிக்க வேண்டிய இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவள் பதிவை அப்படியே விட்டுவிட்டு, சான்றிதழை மேசையின் கடைசி இழுப்பறையில் வைத்தாள். நாளைக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

நாளைக்கு என்பது மூன்று வாரமானது. அதற்குள் நிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. ‘தங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது நிறைவடைவதால்’ என்று தொடங்கும் கடிதம் வீட்டுக்கு வந்தது. கணவர் அதை வாசலில் நின்றபடியே படித்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மறுபடியும் படித்தார். நான்கு நாள் அவர் கடையைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள், “நீ குடுத்துட்டேதானே?” என்று மட்டும் கேட்டார்.

“குடுத்துட்டேங்க. லேட்டாயிடுச்சு போல.”

அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் அந்த வரியை எழுதினாள். நாளை எழுதினாள். முதலெழுத்தை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. யாரும் திரும்பி வருவதற்குள் சேமித்துவிட்டாள். அதன்பின் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை. பதிவு மட்டும் திறந்தே கிடந்தது.

திறந்த பதிவில் வயது தானாகக் கூடும். அந்த ஆண்டு பிறந்தநாளன்று அவள் எண்ணை அடித்துப் பார்த்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், வயது: 2, நிலை: நடப்பு என்று வந்தது. ஐந்து நொடி பார்த்துவிட்டு மூடினாள். அடுத்த ஆண்டும் பார்த்தாள். ஏழு வந்தது, பன்னிரண்டு வந்தது. பதினாறு வந்தபோது, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு நிரல் தானாகவே மகளை மாற்றி வைத்தது. ஆண்டறிக்கையில் ‘வாழ்வோர் மொத்தம்’ என்று வரும் எண் ஒன்று அதிகம் என்பது இருபத்தெட்டு ஆண்டுகளாக அவள் ஒருத்திக்கே தெரியும். அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவளும் அவளே.

இந்த மூன்று வாரத்தில் கணவர் அவள் முகத்தைக் கவனித்தார்.

“என்ன, உங்க கிழவன வீட்டுக்கு அனுப்பறாங்களா?” என்று கண்ணாடி வில்லையைத் துடைத்தபடி சீண்டினார்.

“ஆமாங்க.”

“அதுக்கா இப்படிச் சோறு இறங்காம உக்காந்திருக்க? மொழிதானே போகுது? என்னைப் பாரு. வில்லையைக் கையால தேய்ச்சேன், அப்புறம் மெஷின் வந்துச்சு, இப்பக் கம்ப்யூட்டரே அளவெடுக்குது. வர்றவங்களுக்குக் கண்ணு தெரிஞ்சாப் போதும்.”

“எனக்கு மட்டும் தெரியாதா?”

“தெரிஞ்சா சாப்பிடு.”

அவள் சாப்பிட்டாள். அன்றைக்காவது சொல்லிவிடலாம் என்றிருந்தது. அவர் எழுந்து போய்த் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

இணையோட்டம் தொடங்கியது. ஒரே பதிவுகளை இரண்டு நிரலுக்கும் கொடுத்து, வரும் கடிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். முதல் நாள் வித்தியாசம் அறுபத்தொன்று. பெரும்பாலும் ‘மாதக் கடைசி நாள்’ கணக்கில் நேர்ந்த பிழை. மறுநாள் பதினான்கு. அதற்கடுத்த நாள் மூன்று. வியாழக்கிழமை காலை பழைய நிரல் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு கடிதம் கொடுத்தது. புதியது இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழு கொடுத்தது. வித்தியாசம் பூஜ்யமாகாமல் மாற்றத்துக்குக் கையெழுத்திட மாட்டேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணு!” என்று தாடிக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டான். “எந்தக் கடிதம்னு பாக்கறேன். முப்பது வயசு ஆற பெண்களுக்கான பரிசோதனை அழைப்பு.”

“அந்த லிஸ்ட்ல நானும் இருக்கேன்,” என்றாள் குழுத்தலைவி. “அடுத்த மாசம் முப்பதாம். கம்ப்யூட்டரே குத்திக் காட்டுது.” எல்லோரும் சிரித்தார்கள். “எந்த எண்ணு?”

அவன் எண்ணைச் சொன்னான். சிரிப்பு அடங்கும் முன்பே அவள் எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டாள்.

குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குழுத்தலைவி மட்டும் அவள் மேசையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தாளோ கணினியோ இல்லை.

“மேடம், அந்த ரெக்கார்டத் திறந்து பாத்தேன். தாயின் பெயர்னு ஒரு கட்டம் இருக்குல்ல…”

“ஆமாம்மா.”

“அவங்க இப்ப…”

“இல்ல. ஒண்ணரை வயசுகூட முடியல.”

மகளுடைய எண்ணும் இந்தப் பெண்ணின் எண்ணும் இருநூறு தள்ளித்தான் இருந்தன. இரண்டு பேரும் ஒரே மாதம் பிறந்தவர்கள். அதை இருவருமே சொல்லவில்லை.

“நான் வேற யாருக்கும் சொல்லல,” என்றாள் குழுத்தலைவி. “ஒண்ணு பண்ணலாம். புதுசுல விலக்குப் பட்டியல்னு ஒண்ணு வெச்சிருக்கோம். அதுல இந்த எண்ணைச் சேத்துட்டா கடிதம் போகாது. ரெக்கார்ட் அப்படியே இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“அதுல காரணம் எழுதணுமே.”

“ம்.”

“காலியா விட்டா ஏறாது.”

“நீங்கதான் மேடம் அப்படி வைக்கச் சொன்னீங்க,” என்றாள் அந்தப் பெண், ஏறக்குறைய கெஞ்சுவது போல. “நான் வேணும்னா ஏதாவது எழுதிடறேன். சோதனைப் பதிவுன்னு எழுதிடறேன்.”

சோதனைப் பதிவு. அவள் அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். நிரலைச் சோதிப்பதற்காக, இல்லாத ஒருவருக்குப் பிறந்தநாளும் முகவரியும் கொடுத்து உண்டாக்கும் பொய்ப் பதிவு அது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

“வேண்டாம்மா. அவ பொறந்தவ,” என்றாள். “ப்ரோகிராம்ல தப்பு இல்ல. உங்க புதுசு சரியாத்தான் சொல்லுது. ரெக்கார்டுதான் தப்பு. நான் திருத்திடறேன்.”

கடைசி இழுப்பறையை அவள் முழுவதுமாக வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பழைய கையேடுகளுக்கு அடியில் சான்றிதழ் இருந்தது. மடித்த இடத்தில் இற்றுப்போய், விரித்தபோது இரண்டு துண்டாக வந்தது. புதிய நிரலின் வெள்ளைத் திரையில் படிவம் விரிந்தது. இறந்த நாள். இடம். சான்றிதழ் எண். தகவல் தந்தவர். அவர் உறவு. ஒவ்வொன்றாக அடித்தாள். உறவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் கீழே இறங்கியது. அதில் இரண்டாவதாகத் ‘தாய்’ இருந்தது. தேர்ந்தெடுத்தாள்.

பழைய நிரல் எதையும் கேட்காமல் மூடிவிடும். புதியது கேட்டது: ‘இந்தப் பதிவை மூடினால் மீண்டும் திறக்க இயலாது. தொடரலாமா?’

குழுத்தலைவி நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி எழுந்து தள்ளிப் போனாள். அவள் ‘ஆம்’ என்ற இடத்தில் விசையை அழுத்தினாள்.

திரையின் மேல் ஓரத்தில் வயது என்ற இடத்தில் இருபத்தொன்பது என்று இருந்தது. பதிவு மூடியதும் புதிய நிரல் இறந்த நாளை வைத்து வயதை மறுபடி கணக்கிட்டது. 29 என்பது 1 ஆனது. கண்ணிமைப்பதற்குள் ஆனது. பிறகு திரை தானாக முகப்புக்குத் திரும்பியது. அவள் பழக்கத்தில் எண்ணை அடித்துப் பார்த்தாள். ‘பார்வைக்கு இல்லை’ என்று வந்தது.

மதியத்துக்கு மேல் இரண்டு நிரலும் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு கடிதம் கொடுத்தன. தாடிக்காரன் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தான். இயக்குநர் மாடியேறி வந்து எல்லோர் கையையும் குலுக்கினார். அவள் கையைக் குலுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். முப்பத்தோரு வருஷம் இல்லையா?” என்றார்.

“இருக்கு சார்.”

திங்கட்கிழமை பழைய நிரலை நிறுத்தினார்கள். உறைப் பிரிவுக்காரர் ஒரு கேக் வாங்கி, அதன்மேல் ‘போய் வா கோபால்’ என்று எழுதச் சொல்லியிருந்தார். எல்லோரும் அவளைத்தான் வெட்டச் சொன்னார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உறைப் பிரிவுக்காரர் பதறிப்போனார். “அட, நான் சும்மா விளையாட்டுக்கும்மா. ஒரு மொழிக்கு இப்படி அழுவாங்களா? நாங்கல்லாம் இல்லையா?” என்று தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசலில் கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கழற்றும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தாள். கையில் பதிவகத்தின் உறை. பிரித்த கடிதத்தை, கடையில் வில்லையைப் பார்ப்பது போல, வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

எது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மூடிய ஏழாம் நாள் கிளம்பிய கடிதம் அல்லவா? ‘இறந்த நாளிலிருந்தா, மூடிய நாளிலிருந்தா? ரொம்ப வருஷம் கழிச்சு மூடினா என்ன பண்ணும்?’ வேறு எந்தப் பக்கமாக இருந்தாலும் அவள் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி அது. அந்தப் பக்கத்தில் கேட்காமல் கையெழுத்திட்டாள்.

“தங்கள் மகளின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வருத்தம் கொள்கிறோம்,” என்று அவர் படித்தார். குரலில் கோபம் இல்லை. “இப்பத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதா?”

ஈரத்துணி கையிலேயே இருக்க, அவள் வந்து நின்றாள். “நான் அன்னிக்குக் குடுக்கலங்க.”

“எத?”

“சர்டிபிகேட்ட. குடுத்துட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். கடிதம் வராத மாதிரி மட்டும் ப்ரோகிராம்ல ஒரு வரி எழுதினேன். ரெக்கார்ட மூடல. என்னால முடியல. இந்தப் புதுசு வந்ததால, போன வாரம்தான் மூடினேன்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கடிதத்தை முழங்காலின் மேல் வைத்து, மடிப்பை விரலால் நீவினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

“அப்ப போன வாரம் வரைக்கும்,” என்றார், “அங்க அவ இருந்தாளா?”

“இருந்தா.”

“என்னன்னு இருந்தா?”

“எண்ணை அடிச்சா வரும். பேரு, நம்ம வீட்டு அட்ரஸ், வயசு.”

“வயசு கூடுமா?”

“கூடும். ஒவ்வொரு வருஷமும். பொறந்தநாளுக்குப் பாப்பேன்.”

“இப்ப எவ்வளவு?”

“இருபத்தொம்பது.”

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். “நான் ஒண்ணுலயே வெச்சிருந்தேன்,” என்றார். “இத்தன வருஷமும் ஒண்ணுலயே. அதுக்கு மேல எனக்கு அவ முகம் வரல. ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கலாமேம்மா. நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்?”

அவரை நோகடித்துவிடக் கூடாது என்று எழுதிய வரி அது. அதற்குள் தான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது இருபத்தெட்டு ஆண்டில் ஒருமுறைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“திங்கக்கிழமை வரவா? ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

“இனிமே திறக்காதுங்க.”

“உன்னாலகூடவா?”

“என்னாலகூட.”

கடிதம் அவர் முழங்காலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. துணியிலிருந்து சொட்டிய நீர் அவள் காலடியில் தேங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ரெண்டு வயசுல என்ன வந்திருக்கும்?”

“ரெண்டுல ஒண்ணும் இல்லங்க. அஞ்சுலதான். பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஊசி.”

“அழுதிருப்பா.”

“அழுதிருப்பா.”

“அப்புறம்?”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழில் கண் பார்ப்பார்கள் என்றாள். கண்ணுக்கு அவ அங்க போக வேண்டியதில்லை, நானே பாத்திருப்பேன் என்றார் அவர். பத்தில் பல் என்றாள். பதினாறில் அவள் பெயருக்கே கடிதம் வரும், நம் பெயர் இருக்காது என்றாள். இருபத்தைந்துவரை சொன்னாள். அடுத்த மாதம், முப்பதில் வரவேண்டியதற்கு வந்தபோது அவள் நிறுத்திவிட்டாள். அவர் காத்திருந்தார், பிறகு ‘அப்புறம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டார்.